ஸ்பீக்கர் ஸ்டாண்டு: தேக்கா, பிளைவுட்டா, இல்லை நாலு சிமெண்ட் கல்லா?

மச்சான் போன மாதம் ஒரு ஜோடி புக்‌ஷெல்ஃப் ஸ்பீக்கர் வாங்கினார். சென்னை ரிச்சி தெருவில் அரை நாள் அலைந்து வாங்கியது. ஒவ்வொன்றும் ஆறு கிலோ, ஐந்து அங்குல வூஃபர் (தாழ்ந்த பேஸ் ஒலியைத் தரும் பெரிய கூம்பு), ஒரு அடி உயரம். வீட்டுக்கு வந்ததும் டிவி யூனிட்டின் இரண்டு ஓரத்திலும் ஏற்றி வைத்தார். இரண்டே நாளில் போன் வந்தது. "மாப்ளே, கடையில கேட்ட மாதிரி இல்லையே. ஏமாத்திட்டாங்களா?"

போய்க் கேட்டேன். ஒரு கச்சேரிப் பதிவில் தனி ஆவர்த்தனம் ஓடிக்கொண்டிருந்தது. மிருதங்கத்தின் வலந்தலை ஓரளவு சரியாக விழுந்தது. இடது பக்கத் தொப்பிதான் கெட்டுப்போயிருந்தது. தோலை அழுத்திக் கும்கி கொடுக்கும்போது அந்த ஒலி வளைந்து மேலே ஏற வேண்டும். இங்கே எல்லா அடியும் ஒரே 'தொம்'. யூனிட்டின் மேல் உள்ளங்கையை வைத்தால் பலகை கையில் துடித்தது. கடைக்காரர் மேல் தப்பில்லை. உள்ளே காலியாக இருக்கும் பெரிய பெட்டியின் தலையில் ஸ்பீக்கரை உட்காரவைத்தால் அந்தப் பெட்டியும் சேர்ந்து வாசிக்கத்தான் செய்யும்.

"அப்போ ஸ்டாண்டு பண்ணிடலாம். பண்றதுதான் பண்றோம், தேக்குலயே பண்ணிடலாமா?" என்றார்.

அந்தக் கேள்விக்கு நான் சொன்ன பதில்தான் இது. கொஞ்சம் நீண்டுவிட்டது.

மரத்துக்கு முன்னால் உயரம். இதைச் சொன்னால் யாருக்கும் சுவாரசியம் இருப்பதில்லை, ஆனால் காசு செலவில்லாமல் காதுக்குத் தெரியும் முதல் மாற்றம் இதுதான். சோபாவில் வழக்கமாக எப்படிச் சரிந்து உட்காருவீர்களோ அப்படியே உட்காருங்கள். வீட்டில் யாரையாவது தரையிலிருந்து காது வரை டேப் பிடிக்கச் சொல்லுங்கள். பெரும்பாலும் 36 முதல் 40 அங்குலத்துக்குள் வரும். ஸ்பீக்கரின் அடியிலிருந்து ட்வீட்டரின் (உச்ச ஒலிகளைத் தரும் சின்ன வட்டம்) நடு வரை உள்ள அளவை அதில் கழித்துவிடுங்கள். மிஞ்சுவதுதான் உங்கள் ஸ்டாண்டின் உயரம். மச்சானுக்குக் காது 36, ட்வீட்டர் ஒன்பதரை. ஆக இருபத்தாறரை அங்குலம்.

ஏன் இவ்வளவு கறார்? இரண்டு வழி ஸ்பீக்கரில் ஒரு கட்டத்துக்கு மேல் உள்ள ஒலியை ட்வீட்டரும் அதற்குக் கீழே உள்ளதை வூஃபரும் பங்கு போட்டுக்கொள்கின்றன. அந்த எல்லை பெரும்பாலும் 2,000 முதல் 3,000 ஹெர்ட்ஸுக்குள் இருக்கும். 2,500 ஹெர்ட்ஸில் ஒலியின் அலைநீளம் 14 சென்டிமீட்டர் கூட இல்லை. எல்லையை ஒட்டிய இடத்தில் இரண்டும் ஒரே சுரத்தைப் பாடுகின்றன. காது மேலேயோ கீழேயோ நகர்ந்தால் இரண்டிலிருந்தும் வரும் தூரம் மாறி, ஒன்றை ஒன்று அடித்துக்கொள்ளும். வயலினும் குரலும் மங்குவது அங்கேதான்.

எங்கள் வீட்டில் ஒரு சிக்கல் உண்டு. நான் சோபா, அம்மா தரை. சுவரில் சாய்ந்து காலை நீட்டிக்கொண்டுதான் கச்சேரி கேட்பார். அவர் காது 28 அங்குலத்தில். இரண்டு பேருக்கும் ஒரு ஸ்டாண்டு என்றால், ஸ்பீக்கரின் பின்பக்கம் அடியில் கொஞ்சம் கனமான ரப்பர் வைத்து முன்னால் லேசாகக் குனியவிடுவது ஒரு வழி. ஊஞ்சலில் ஆடிக்கொண்டே கேட்பவர்களுக்கு என்னிடம் விடை இல்லை.

சரி, இப்போது மரம்.

தேக்கு கேட்பவர்களின் மனதில் ஒரு நினைப்பு இருக்கிறது: நல்ல மரம், நல்ல நாதம். வாத்தியத்துக்கு அது உண்மை. வீணையும் மிருதங்கமும் பலா மரத்தில் செய்கிறார்கள்; தட்டினால் பேசும் மரம் என்பதால்தான் அதைத் தேடிப் பிடிக்கிறார்கள். ஸ்டாண்டுக்கு வேண்டியது நேர் எதிர். தட்டினால் பேசக் கூடாது. ஊமையாக நிற்க வேண்டும். என் கணக்கில் ஸ்டாண்டுக்கு மூன்றே வேலை: ஸ்பீக்கரைச் சரியான உயரத்தில் பிடிப்பது, ஆடாமல் பிடிப்பது, தான் வாயைத் திறக்காமல் இருப்பது. எந்தச் சாமானை எடுத்தாலும் இந்த மூன்றில்தான் உரசிப் பார்க்கிறேன்.

இதற்கு மேல் ஸ்டாண்டுக்கு மந்திர சக்தி எதுவும் கிடையாது. ஐந்து அங்குல வூஃபரில் முன்னும் பின்னும் ஓடும் பகுதியின் எடை சுமார் பத்து கிராம். பெட்டி ஆறு கிலோ. அறுநூறில் ஒரு பங்கு. வூஃபரின் கூம்பு மூன்று மில்லிமீட்டர் நகர்ந்தால் பெட்டி அதில் அறுநூறில் ஒரு பங்குதான் பின்வாங்கும். ஸ்டாண்டு மாற்றியதும் கச்சேரி சபாவிலிருந்து நேராக வீட்டுக்கு வந்துவிட்டது என்று யாராவது சொன்னால், அவர் உயரத்தையும் சேர்த்து மாற்றியிருப்பார்.

முதலில், செய்யாமலே இருப்பது. சுவரில் பிராக்கெட் அடிக்கலாம். சின்ன ஸ்பீக்கருக்கு மோசமில்லை. ஆனால் பின்பக்கம் துளை உள்ள ஸ்பீக்கரைச் சுவரோடு ஒட்டினால் பேஸ் வீங்கும். வாடகை வீடு என்றால் ஒவ்வொரு ஓட்டைக்கும் ஓனரிடம் பதில் சொல்ல வேண்டும். பிளாஸ்டிக் ஸ்டூலைப் பற்றிப் பேசவே வேண்டாம்.

கடையில் கிடைக்கும் இரும்பு ஸ்டாண்டு நியாயமான தேர்வுதான். அளவு ஒன்று, பெரும்பாலும் 24 அங்குலம். உங்கள் காது அதற்கு ஒத்துவர வேண்டும். காலிக் குழாயை விரல் முட்டியால் தட்டினால் மணி போல ஒலிக்கும், அதனால் உள்ளே மணல் கொட்டியே ஆக வேண்டும். திருவான்மியூர், பெசன்ட் நகர் மாதிரி கடல் காற்று அடிக்கும் வீட்டில் திருகு தலைகளில் துரு பூக்க அதிக நாள் ஆகாது. ஆசாரியைத் தேடி அலைய நேரமில்லாதவர்கள் இதை வாங்கிவிட்டு வேறு வேலையைப் பார்க்கலாம். நான் குறை சொல்ல மாட்டேன்.

தேக்கு. இதை ஒரு வரியில் தள்ளிவிட மனசு வராது. சென்னையில் பழைய வீடுகள் இடிபடும் வரை பழைய தேக்கு கிடைத்துக்கொண்டே இருக்கும். நிலை, உத்தரம், ஜன்னல் சட்டம் என்று பர்மா தேக்கு இன்னும் வருகிறது. எழுபது எண்பது வருடம் வீட்டுக்குள்ளேயே காய்ந்த மரம். இனிமேல் அது வளைவதற்கோ வெடிப்பதற்கோ பெரிதாக ஒன்றுமில்லை. உள்ளே எண்ணெய்ப் பசை இருப்பதால் கரையான் எளிதில் வாய் வைக்காது. வைரம் பாய்ந்த துண்டை இழைப்புளியால் ஒரு தள்ளுத் தள்ளினால், அழுக்குக் கருப்புக்குக் கீழே தேன் நிறம் எட்டிப் பார்க்கும். அந்தச் சுருளை மூக்கில் வைத்துப் பார்த்தால், பிளைவுட்டைச் சிபாரிசு செய்து எழுதும் என் கைக்கே கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது.

ஆனால் கணக்குப் போடுவோம். நாலுக்கு நாலு அங்குலத் தேக்குத் தூண், 24 அங்குல உயரம். சுமார் ஆறே கால் லிட்டர் கன அளவு. தேக்கின் அடர்த்தி லிட்டருக்கு 650 கிராம் அளவில் வைத்தால் தூணின் எடை நாலு கிலோ. அவ்வளவுதான். ஆறு கிலோ ஸ்பீக்கரை நாலு கிலோ தூணின் தலையில் வைக்கிறோம். வீட்டில் ஓடியாடும் குழந்தை இருந்தால் யோசியுங்கள். கன அடிக் கணக்கில் விற்கும் மரம். விலையும் அந்தத் தோரணையில்தான் இருக்கும். பழைய மரத்துக்குள் புதைந்திருக்கும் ஆணி இன்னொரு தலைவலி. ரம்பத்தின் பல் போய்விடும் என்று அறுவை மில்லில் தயங்குவார்கள். முதலில் ஒவ்வொரு ஆணியாகத் தேடிப் பிடுங்கிவிட்டுத்தான் கொண்டுபோக வேண்டும்.

அதனால் தேக்கை நான் யாருக்குச் சொல்வேன்? வீட்டில் ஏற்கெனவே ஒரு பழைய நிலை சாய்த்துவைத்திருப்பவருக்கு. தாத்தா வீட்டுக் கதவுச் சட்டம் ஸ்டாண்டாக நிற்கிறது என்பது தனி சுகம். அதற்கு எடைக் கணக்கு வேண்டாம். அப்படிச் செய்தால் அகலமான அடிப்பலகை வையுங்கள், கனத்தைக் கீழே கொடுங்கள்.

பச்சை மரத்தைப் பற்றி ஒரு எச்சரிக்கை. 2016 டிசம்பரில் வர்தா புயல் நகரத்தில் பாதி மரங்களைப் புரட்டிப் போட்டது போல இருந்தது. எங்கள் தெருவில் விழுந்த தூங்குமூஞ்சி மரத்திலிருந்து இரண்டு உருண்டைத் துண்டுகளை, இயற்கையான ஸ்டாண்டு என்று ஆசையாக உருட்டிவந்தேன். கோடையில் ஒரு ராத்திரி 'டப்' என்று சத்தம். நடுவிலிருந்து விளிம்பு வரை கேக் வெட்டியது மாதிரி பிளந்திருந்தது. மரம் உலர ஒரு அங்குலக் கனத்துக்கு ஒரு வருடம் என்பார்கள். வட்டத் துண்டு அத்தனை வருடம் காத்திருந்தாலும் பெரும்பாலும் பிளக்கத்தான் செய்யும்.

ரப்பர் மரப் பலகை, துண்டு துண்டாகக் கோத்து ஒட்டி வருவது, வெளிர் நிறத்தில் பார்க்க அழகு. மருந்து ஏற்றிய பலகையா என்று கேட்டு வாங்க வேண்டும். இல்லாவிட்டால் உளுத்துப் போகும். மாவு மாவாகத் தரையில் கொட்ட ஆரம்பித்தால் கதை முடிந்தது.

எம்.டி.எஃப்., அதாவது மர நாரைப் பசையோடு அழுத்திச் செய்த பலகை. வெளிநாட்டுக்காரர்களின் செய்முறைப் படங்களில் எல்லாம் இதுதான் வரும். காரணம் உண்டு: மர ரேகை இல்லை, ஓட்டை இல்லை, எங்கே வெட்டினாலும் ஒரே மாதிரி, பிளைவுட்டை விடக் கொஞ்சம் கனம்கூட. ஊமைத்தனத்தில் நல்ல மதிப்பெண். ஆனால் அவர்கள் ஊரில் வீட்டுக்குள் தண்ணீர் வருவதில்லை. 2015 டிசம்பரில் நாங்கள் வேளச்சேரியில் தரைத்தளத்தில் இருந்தோம். என் முதல் ஸ்டாண்டு ஜோடி எம்.டி.எஃப். தண்ணீர் வடிந்த பிறகு பார்த்தால், அடிப்பலகை டீயில் நனைத்த ரஸ்க் மாதிரி ஊதி, விரலால் பிய்க்க வந்தது. வெள்ளம் வேண்டாம், தினமும் வீடு துடைக்கும் ஈரத்துணியே போதும். அடிவிளிம்பு மெதுவாகக் குடித்துக்கொண்டே இருக்கும். மூன்றாவது மாடியில் இருப்பவர், அடியில் கல் வைப்பவர், எல்லா விளிம்பையும் பெயிண்டால் அடைப்பவர் செய்துகொள்ளலாம். எனக்கு ஒருமுறை போதும்.

அடுத்தது சிரிக்க வைக்கும் விடை: சிமெண்ட் சாலிட் பிளாக். 16க்கு 8க்கு 8 அங்குலக் கல். ஒன்றைப் படுக்கவைத்தால் எட்டு, அதன் மேல் ஒன்றை நிறுத்தினால் பதினாறு. ஆக 24 அங்குலம். கல் ஒன்றுக்கு முப்பது கிலோவைத் தாண்டும். ஊமைத்தனம், ஆடாமை, விலை மூன்றிலும் மற்ற எல்லாவற்றையும் இது தோற்கடித்துவிடும். நிறுத்திய கல்லின் அடியில் மட்டும் கொஞ்சம் கலவை பூசிவிட வேண்டும், இல்லையென்றால் குழந்தைகள் பக்கம் போகவே கூடாது. உயரம் சரியா என்று பரீட்சித்துப் பார்க்க ஒரு வாரத்துக்கு இதை வைத்துப் பார்ப்பது நல்ல யோசனை. நிரந்தரமாக வைப்பதற்கு வீட்டில் அனுமதி வாங்க வேண்டும். எங்கள் வீட்டில் அம்மா இரண்டு நாள் பார்த்துவிட்டு, "வாசல்ல வீடு கட்றாங்களான்னு கேக்கறாங்க" என்றார். எடை குறைந்த வெள்ளைக் கல், தண்ணீரில் மிதக்கும் வகை, இந்த வேலைக்கு ஆகாது. கனம்தானே நமக்கு வேண்டும்.

கடைசியில் நான் வந்து நின்றது பிளைவுட் பெட்டித் தூண், உள்ளே மணல். மச்சானுக்கும் இதைத்தான் சொன்னேன்.

ஆறுக்கு ஆறு அங்குல வெளி அளவு, தூண் மட்டும் 24 அங்குல உயரம், 18 மில்லிமீட்டர் பிளைவுட். உள்ளே கிட்டத்தட்ட எட்டு லிட்டர் இடம். காய்ந்த மணல் லிட்டருக்கு ஒன்றரை கிலோவுக்குக் குறையாது. முழுக்க நிரப்பினால் பன்னிரண்டு கிலோ, மூன்றில் இரண்டு பங்கு போட்டால் எட்டு கிலோ. மணல் கனம் மட்டுமில்லை; தூண் அதிரும்போது மணல் துகள்கள் ஒன்றோடு ஒன்று உரசி அந்த அதிர்வைச் சூடாக்கித் தின்றுவிடுகின்றன. காலித் தூணைத் தட்டினால் தபேலா. மணல் போட்டுத் தட்டினால் அரிசி மூட்டை. வித்தியாசம் கேட்க நல்ல காது தேவையில்லை.

நான் மூன்றில் இரண்டு பங்கோடு நிறுத்திவிடுவேன். மேலே காலியாக விட்டால் மொத்தக் கனமும் கீழே இறங்கி, சாயாமல் நிற்கும்.

பிளைவுட்டில் ஐ.எஸ். 303, ஐ.எஸ். 710 என்று முத்திரை பார்ப்பீர்கள். முதலாவது பொதுப் பயன்பாட்டுக்கு, இரண்டாவது மரைன், தண்ணீருக்குத் தாங்கும் பசை. சென்னைக்கு 710தான். சதுர அடிக்கு 100 ரூபாய்க்கு மேல் ஆகும். ஆனால் இரண்டு ஸ்டாண்டுக்கும் சேர்த்து பதினோரு சதுர அடி போதும், எட்டுக்கு நாலு பலகையில் மூன்றில் ஒரு பங்கு. முழுப் பலகை வாங்க வேண்டாம். பிளைவுட் கடைகள் இருக்கும் சைடன்ஹாம்ஸ் சாலைப் பக்கம் போனால் துண்டாகத் தருவார்களா என்று கேளுங்கள், அல்லது வீட்டில் வார்ட்ரோப் வேலை செய்யும் யாரிடமாவது மிச்சத்தை வாங்குங்கள். விளிம்பைப் பாருங்கள், அடுக்குகளுக்கு நடுவே எலி வளை மாதிரி இடைவெளி தெரிந்தால் அந்தப் பலகை வேண்டாம்.

எனக்கு உதவிய ஆசாரிக்கு முதலில் ஒன்றும் புரியவில்லை. "சார், இதுக்கு மேல என்ன சார் வெக்கப் போறீங்க? கோயில் கலசமா?" என்றார். "ஸ்பீக்கர்ண்ணே." "அதுக்கா இவ்ளோ மணலு?" தலையை ஆட்டிக்கொண்டே ஃபெவிகால் தடவினார். தட்டிக் காட்டிய பிறகு, தானே இரண்டு மூன்று தடவை தட்டிப் பார்த்துக்கொண்டார்.

மணலில் மூன்று விஷயம். எம்-சாண்ட் போதும். கட்டுமான இடத்தில் கிடைப்பது ஈரமாக இருக்கும். மொட்டை மாடியில் தார்ப்பாய் விரித்து இரண்டு நாள் காயப்போடுங்கள், அந்த விஷயத்தில் இந்த ஊரில் குறையே இல்லை. கடற்கரை மணல் வேண்டவே வேண்டாம். உப்பு காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துத் திருகுகளைத் தின்னும். அப்புறம், மணலை நேராகக் கொட்டாமல் கெட்டியான பாலித்தீன் பையில் கட்டி உள்ளே இறக்குங்கள். என் தூணில் அடிவெட்டு கொஞ்சம் கோணல். மூலைமட்டம் வைத்துப் பார்க்காதது என் தப்பு. ஒரு வாரம் தினமும் காலையில் ஸ்டாண்டைச் சுற்றி ஒரு சின்னக் கோலப்பொடிக் கோடு. அம்மா பெருக்கிவிட்டு என்னைப் பார்ப்பார். ஒன்றும் சொல்ல மாட்டார்.

அடியில் கடப்பா கல். பன்னிரண்டுக்குப் பதினாலு அங்குலம், முக்கால் அங்குலக் கனத்தில் ஒரு துண்டு ஐந்தரை கிலோ வரும். சமையலறை மேடைக்குப் போட்ட கிரானைட்டின் மிச்சம் இருந்தால் அதுவும் சரி, எடை ஏறக்குறைய அதே. ஈரத்துணி படுவது கல்லின் மேல்தான், பிளைவுட் தப்பிக்கும். கல், தூண், மணல், மேல்பலகை எல்லாம் சேர்த்து ஒரு ஸ்டாண்டு இருபது கிலோவை ஒட்டி நின்றது. செலவு இரண்டுக்கும் சேர்த்து நாலாயிரத்துக்குள், ஆசாரியின் அரை நாள் கூலி தனி.

கூர் முள் கால் வைக்கலாமா என்று கேட்பார்கள். கார்ப்பெட் போட்ட ஊரில் முள் அதைத் துளைத்துத் தரையைத் தொடும், அதற்காக வந்த பழக்கம் அது. நம் வீட்டு விட்ரிஃபைடு டைல்ஸில் முள் வைத்து இருபது கிலோவை ஏற்றினால் டைல்ஸ் பொரிந்துவிடும். நாலு மூலையிலும் ரப்பர் ஒட்டினால் போதும். ரசமட்டம் வைத்துப் பாருங்கள். பழைய மொசைக் தரை குளியலறைப் பக்கம் சரிந்திருக்கும். ஆடினால் ஒரு மூலைக்கு அடியில் விசிட்டிங் கார்டை மடித்துச் சொருகலாம்.

மச்சான் தேக்கை இன்னும் முழுதாக விடவில்லை. மேல்பலகை மட்டும் தேக்கு என்று பேரம் பேசி முடித்திருக்கிறோம், எட்டுக்குப் பத்து அங்குலம், ஒரே துண்டு. கண் போவது அங்கேதானே. ஞாயிற்றுக்கிழமை பலகை வாங்கப் போகிறோம். டேப்போடு, கனத்தைத் துல்லியமாக அளக்க ஒரு வெர்னியரும் எடுத்து வைத்திருக்கிறேன். முக்கால் இஞ்ச் என்று கடையில் சொல்லும் பலகை உண்மையில் 18 மில்லிமீட்டர். ஆறு அங்குலத்தில் இரண்டு முக்காலைக் கழித்து, உள்பக்கப் பலகையை நாலரை என்று வெட்டச் சொன்னேன் போன தடவை. இரண்டு மில்லிமீட்டர் துருத்திக்கொண்டு நின்றது. ஆசாரி அதை இழைத்துத் தள்ளியதில் விளிம்பின் அடுக்குகள் பிசிறிட்டு, அரை நாள் பட்டி பூசி உப்புத்தாள் தேய்த்தேன். இந்தத் தடவை கனத்தை அளந்த பிறகுதான் வெட்டும் அளவைச் சொல்லப் போகிறேன்.